ஏழாம் எண் கால்

வேங்கிக்கால்,
6-2-1997

அன்புத் தம்பி செழியனுக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. இங்கே உன் மாமாவும் பெண் கவிநிலாவும் முழு சௌக்கியம், நான் முக்கால் சௌக்கியம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, விடுதிச் சோறு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

தைப்பூசத்துப் பௌர்ணமிக்கு வழக்கம்போல மலை சுற்றப் போனேன். வழியில் நிருதி லிங்கக் கோயிலுக்கு எதிரே எவனோ நடுப்பாதையில் கற்பூரம் கொளுத்தி வைத்திருக்கிறான். வலது காலை அதன்மேல் வைத்துவிட்டேன். வைத்ததே எனக்குத் தெரியவில்லை. கூட வந்த பச்சையம்மாள்தான், "ஏண்டி, கால்ல நெருப்பு ஒட்டிக்கினு இருக்குது, நீ பாட்டுக்குப் போறியே!" என்று கத்தினாள். சர்க்கரை ஜாஸ்தியானால் கால் மரத்துப் போகுமாம், டாக்டர் சொல்கிறார். கட்டைவிரலில் கொப்புளம் வந்து, உடைந்து, இன்னும் ஆறவில்லை. கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்றுகொண்டு பிள்ளைகளுக்குச் சத்துணவு போட வேண்டியிருக்கிறது. எங்கே ஆறும்?

போன கடிதத்தில் தினமும் கசாப்புக் கடையில் நிற்கிறேன் என்று எழுதியிருந்தாய். "பி.எச்.டி. படிக்கப் போன மச்சான் குழம்புக்குக் கறி வாங்கறாரா?" என்று உன் மாமா சிரிக்கிறார். அஞ்சு வருஷமாக என்னதான் படிக்கிறாய் என்று இந்தத் தடவையாவது எனக்குப் புரிகிற மாதிரி எழுது. தெருவில் கேட்கிறவர்களுக்கு நான் ஏதாவது சொல்ல வேண்டாமா?

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

உன் அக்கா,
உண்ணாமலை

*

சென்னை,
17-2-1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். புண்ணை ஈரம் படாமல் வைத்துக்கொள். மாமாவுக்கும் கவிநிலாவுக்கும் என் அன்பு.

கேட்டாய், சொல்கிறேன். உடம்புக்குள் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று வெளியிலிருந்தே அளக்க டாப்ளர் ஸ்கேன் என்று ஒரு மெஷின் இருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலியைத் தோல் வழியாக உள்ளே அனுப்பும். ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பி வரும் ஒலியை வைத்து வேகத்தைச் சொல்லும். நான் ஒரு ரப்பர் குழாயில் ரத்தம் மாதிரி ஒரு திரவத்தை ஓடவிட்டு அளக்கிறேன். குழாயைத் தண்ணீரில் வைத்து அளந்தால் வேகம் சரியாக வருகிறது. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு ஆட்டுக் கொழுப்பை வைத்தால் குறைத்துக் காட்டுகிறது. மேலே இன்னும் சதையும் நீரும் சேர்ந்தால் ஓட்டமே இல்லை என்கிறது. குழாயில் ஓட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஒலிதான் போகிற வழியில் களைத்துவிடுகிறது. ஒலி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு சீக்கிரம் களைக்கும்.

ஆட்டுக் கொழுப்பில் நிரூபித்தால் போதாது என்கிறார் என் பேராசிரியர் அஜ்மத் பேகம் மேடம். மனிதர் காலில் காட்டு என்கிறார். ஆஸ்பத்திரியில் எடுத்த ஆறு கால்களை அவர் மூலம் வாங்கித் திறந்து பார்த்துவிட்டேன். ஆறிலும் மெஷின் அடைப்பு என்றது, ஆறிலும் அடைப்பு இருந்தது. மெஷின் பொய் சொன்ன ஒரே ஒரு கால் கிடைத்தால் என் ஆய்வு முடிந்தது. கிடைக்கவில்லை. கூடப் படித்த சாகில் போன மாதம் பட்டம் வாங்கிவிட்டான். நான் இன்னும் கொழுப்பு நறுக்குகிறேன்.

தெருவில் கேட்டால் குழாய் ரிப்பேர் என்று சொல்லிவிடு.

அன்புத் தம்பி,
இளஞ்செழியன்

*

வேங்கிக்கால்,
28-3-1997

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லபடியாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மற்றவர்கள் நலம். என் சேதி நன்றாக இல்லை.

கட்டைவிரல் கறுத்துவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமைக்கு நேரம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பௌர்ணமி. ஸ்கேன் நல்லபடியாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, புண்ணுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு மலை சுற்றிவிட்டு வந்தேன். பதினாலு கிலோமீட்டரும் நடந்தேன், எங்கேயும் உட்காரவில்லை. உன் மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார், நான் கேட்டேனா? காலையில் கால் யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. அப்படியே போய்ப் படுத்தேன். பசை தடவி, பேனா மாதிரி ஒன்றைக் காலில் வைத்து வைத்துப் பார்த்தார்கள். சத்தமே வரவில்லை.

கெண்டைக்காலுக்குக் கீழே ரத்தமே ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "ரத்தம் ஓடினா விரலை மட்டும் எடுத்தாப் போதும்மா. ஓடலியே, அதனால முட்டிக்குக் கீழ எடுத்துடணும். மேல ஏறிச்சுன்னா உயிருக்கு ஆபத்து"னு டாக்டர் சொல்கிறார். ரிப்போர்ட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு சந்தேகம். நீ எழுதிய அந்தக் கொழுப்புச் சமாச்சாரம் என் காலுக்கும் இருக்குமா? நான் ஒல்லிக்குச்சி இல்லை, உனக்கே தெரியும். டாக்டரிடம் கேட்டால், "உங்க தம்பி டாக்டரா?" என்கிறார். நீ சொல்லு. வெட்டு என்றால் வெட்டிக்கொள்கிறேன். உன் வார்த்தைதான் எனக்குக் கடைசி. சீக்கிரம் எழுது.

உன் அக்கா,
உண்ணாமலை

*

சென்னை,
3-4-1997

அன்புள்ள அக்கா,

கடிதமும் ரிப்போர்ட்டும் கிடைத்தன. பதற வேண்டாம். நான் நலம்.

கீழே உள்ள கேள்விகளுக்கு உடனே பதில் போடு. காலின் சுற்றளவு எவ்வளவு? கணுக்கால், கெண்டைக்கால், முட்டிக்குக் கீழே என்று மூன்று இடத்தில், இரண்டு காலிலும் டேப் வைத்து அளக்கவும். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. வீக்கத்தில் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது? நடந்து முடித்து எத்தனை மணி நேரம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள்? அந்தப் பேனாவில் ஏதாவது எண் எழுதியிருந்ததா? எண் பெரிதாக இருந்தால் ஒலி நுண்ணியது என்று அர்த்தம். இடது காலில் வைத்தபோது சத்தம் வந்ததா?

அளவுகளில் தவறு வேண்டாம். கவிநிலாவை எடுக்கச் சொல்.

இளஞ்செழியன்

*

வேங்கிக்கால்,
7-4-1997

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு பாதி உயிர் வந்தது. நலம் விசாரிக்கக்கூட மறந்து கேள்வியாய்க் கேட்டிருந்தாய், அக்கா மேல் அத்தனை அக்கறை என்று பச்சையம்மாளிடம் காட்டினேன்.

கவிநிலா தையல்கார டேப்பை வாங்கி வந்து அளந்து தனித்தாளில் எழுதியிருக்கிறாள். இப்போது படுத்தே கிடப்பதால் காலையில் வீக்கம் கம்மி, அன்று மாதிரி இல்லை. விரலால் அழுத்தினால் விழும் குழி ஒரு நிமிஷம் நிற்கிறது. நடந்து முடித்து நாலு மணி நேரத்தில் ஸ்கேன். ஸ்கேன் சென்டருக்கு மாமாவை அனுப்பிக் கேட்டேன், பேனாவில் எட்டு என்று போட்டிருக்கிறதாம். இடது காலிலும் சத்தம் சன்னமாகத்தான் வந்தது.

பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இருபத்திரண்டு சித்ரா பௌர்ணமி. அதற்கு இரண்டு நாள் முன்னாடியிருந்தே ஊருக்குள் வண்டி வாசி போகாது, அதனால் முந்தியே முடித்துவிடலாம் என்கிறார் டாக்டர். "உங்க தம்பி ஏதாச்சும் சொன்னா எழுதி எடுத்துக்கினு வாங்க, நான் பாக்கறேன்" என்றும் சொன்னார். நல்ல மனுஷர்.

பதினெட்டுக்குள் எழுது.

உன் அக்கா,
உண்ணாமலை

*

(தபால் அட்டை)
வேங்கிக்கால்,
12-4-1997

தம்பிக்கு ஆசீர்வாதம். நலம்தானே? அளவெல்லாம் கிடைத்ததா? நேற்று உன் விடுதிக்கு எஸ்.டி.டி. போட்டேன். யாரோ ஒரு பையன், "இதோ இங்கதான் இருக்காரு, கூப்பிடறேன்" என்று போனான். திரும்பி வந்து, "வெளிய போயிட்டாராம்" என்று வைத்துவிட்டான். ஆராய்ச்சியில் அலைகிறாய் போல. இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ஒரு வரி போதும்.
உண்ணாமலை

*

சென்னை,
15-4-1997

அன்பிற்கினிய அக்காவுக்கு,

இங்கு நான் நலம். நீ மனத்திடத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். மாமா நலமா? கவிநிலாவின் படிப்பு எப்படிப் போகிறது?

நன்றாக யோசித்துப் பார்த்தேன். டாக்டர் சொல்கிறபடி செய். கொழுப்பு விஷயமெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தோடு சரி. உன் காலுக்கு அது பொருந்தாது. நோயாளியை நேரில் பார்த்தவர் அவர். அவர் முடிவில் நான் குறுக்கிடுவது முறையல்ல. காலம் கடத்தினால் உயிருக்கு ஆபத்து என்று அவரே சொல்கிறார். கால் போனாலும் நீ எங்களுக்கு வேண்டும்.

ஒரு வேண்டுகோள். எடுத்த காலைப் புதைத்துவிட வேண்டாம். இனி வரும் நோயாளிகளுக்கு உதவியாக இருக்கும். மேடம் கொடுத்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், டாக்டரிடம் காட்டினால் கொடுத்துவிடுவார். காலைச் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் அடியிலும் மேலேயும் ஐஸ் போட வேண்டும். ஐஸ் நேராகத் தோலில் படக் கூடாது. எட்டு மணி நேரத்துக்குள் இங்கே வந்து சேர வேண்டும். மாமாவை மதிய பஸ்ஸில் அனுப்பு.

பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருப்பதால் நான் வர இயலவில்லை.

என்றும் அன்புடன்,
இளஞ்செழியன்

*

வேங்கிக்கால்,
9-5-1997

அன்புத் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் நலமாக இருப்பாய்.

தையல் பிரித்தாயிற்று. கட்டிலிலிருந்து கக்கூஸுக்குப் போக கவிநிலா தோள் வேண்டும். பதினேழு வயசுப் பெண் என்னைத் தூக்கிச் சுமக்கிறாள். இல்லாத காலில் கட்டைவிரல் எரிகிறது, கற்பூரம் வைத்த மாதிரி. இருந்தபோது தெரியாத எரிச்சல் போனபிறகு தெரிகிறது, இந்தக் கூத்தை யாரிடம் சொல்ல?

உன் கடிதம் ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தது. படித்துவிட்டு அழுதேன். அழுது முடித்து டாக்டரிடம் போய், "என் தம்பியும் அதைத்தான் சொல்றான், எடுத்துடுங்க"னு கையெழுத்துப் போட்டேன். காலைக் கொடுக்க மாமாவுக்குத்தான் மனசில்லை. "உடம்புல ஒரு பாகம், மண்ணுக்குள்ள போட்டு ஒரு சொம்பு பால் ஊத்தணும்" என்றார். நான்தான் சத்தம் போட்டு அனுப்பிவைத்தேன். படிப்புக்கு உதவினால் அதுவும் ஒரு புண்ணியம்தானே.

போன வாரம்தான் அந்த மனுஷர் வாயைத் திறந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார். கண்டக்டர், "என்னா சார், மீனா?" என்று கேட்டிருக்கிறான். "ஆமாம்பா" என்று சொல்லிவிட்டுச் சென்னை வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். நீ பெட்டியை வாங்கியதும், "எத்தனை மணிக்கு எடுத்தாங்க? ஐஸ் மாத்தினீங்களா?" என்று கேட்டாயாம். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லையாம். அவசரத்தில் மறந்திருப்பாய் என்று நான் சமாதானம் சொன்னேன்.

காலைத் திறந்து பார்த்தாயா? அடைப்பு எங்கே இருந்தது?

உன் அக்கா,
உண்ணாமலை

*

சென்னை,
3-7-1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ தேறி வருவது அறிந்து மகிழ்ச்சி. தாமதத்துக்கு வருந்துகிறேன், வேலை நெருக்கடி.

ஒரு நல்ல செய்தி. என் ஆய்வு முடிவுக்கு வந்துவிட்டது. மேடமே கைகொடுத்துப் பாராட்டினார். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பப் போகிறோம். அது வெளிவந்தால் அங்கேயே ஒரு வேலைக்கு வாய்ப்பு இருக்கிறது. உன் ஆசீர்வாதம்தான்.

செயற்கைக் கால் பொருத்த ஏற்பாடு செய். இப்போது நல்ல தரத்தில் கிடைக்கிறது.

அன்புடன்,
இளஞ்செழியன்

*

வேங்கிக்கால்,
20-8-1997

அன்புத் தம்பிக்கு,

உன் நற்செய்தி கேட்டுத் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். நான்தான் சாப்பிடவில்லை. உன் உடல்நலம் பற்றி எழுது.

செயற்கைக் கால் வந்துவிட்டது. அண்டா பக்கத்தில் நிற்க முடியவில்லை, அதனால் என் வேலையைச் சரோஜா என்கிற ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிறவர்கள் கால்களைப் பார்க்கிறேன். பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன கடிதத்தில் ஒன்று கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. அடைப்பு எங்கே இருந்தது? எனக்கு இடது காலும் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

உண்ணாமலை

*

சென்னை,
19-1-1998

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்துகள். அனைவரும் நலம்தானே? ஆறு மாதமாக எழுத முடியாமல் போனதற்கு மன்னிக்கவும்.

ஆய்விதழ்க்காரர்கள் ஒரு சம்பிரதாயம் கேட்கிறார்கள். காலை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதம் என்று நோயாளி ஆபரேஷனுக்கு முன்பே கையெழுத்திட்ட படிவம் வேண்டுமாம். படிவத்தை அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடு. தேதியை மட்டும் 14-4-1997 என்று போடு. வேறு எதையும் நிரப்ப வேண்டாம். அது இல்லாமல் கட்டுரையும் வராது, பட்டமும் நின்றுவிடும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எந்த ஆராய்ச்சிக்குக் கையெழுத்து என்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காக அந்த அத்தியாயத்தின் நகலும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம், விதி. ஆங்கிலத்தில் இருக்கிறது, நீ சிரமப்பட வேண்டாம்.

பிப்ரவரி பதினைந்துக்குள் வர வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் எல்லாம் வீண். அவசரம், அக்கா.

உன் தம்பி,
இளஞ்செழியன்

*

வேங்கிக்கால்,
9-2-1998

திரு. இளஞ்செழியன் அவர்களுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

ஆங்கிலம் எனக்குத்தான் தெரியாது. ப்ளஸ் டூ படிக்கிற என் மகளுக்குத் தெரியும் என்பதை மறந்துவிட்டாய். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தாள். பாதியில் எழுந்து போய் வாசலில் நின்றாள். "என்னடி?"னு கேட்டேன். "மாமா உன்னைப் பத்திதாம்மா எழுதியிருக்காரு. பேரு இல்ல. ஏழாம் எண் கால்னு போட்டிருக்காரு" என்றாள்.

அவள் படித்துச் சொன்னதை எழுதுகிறேன், தப்பிருந்தால் சொல். ஏழாம் எண் கால், பெண், வயது முப்பத்தொன்பது, பருமன். நெடுந்தூரம் நடந்ததால் வந்த வீக்கம். கொழுப்பும் நீரும் சேர்ந்த கனத்தைத் தாண்டி, எட்டாம் எண் கருவியின் நுண்ணிய ஒலி போய்த் திரும்ப முடியாது. ஆகவே ஓட்டம் இல்லை என்ற அளவீடு தவறு, உள்ளே ஓட்டம் போதுமான அளவு இருக்கும். இரண்டு நாள் காலைத் தூக்கி வைத்து வீக்கத்தை வடித்து, நாலாம் எண் கருவியால் மறுபடி அளக்க வேண்டும். கணித்த தேதி, ஏப்ரல் பத்து. காலை எடுத்த தேதி, ஏப்ரல் பதினெட்டு. திறந்து நீர் ஏற்றிப் பார்த்ததில் ரத்தக்குழாய் பாதம் வரை திறந்திருந்தது. கணிப்பு சரி.

கணிப்பு சரியாம். விரலோடு போயிருக்க வேண்டியது.

பத்தாம் தேதி உனக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்றாம் தேதி போன் போட்டேன், அறைக்குள் இருந்துகொண்டு இல்லை என்று சொல்லச் சொன்னாய். பதினைந்தாம் தேதி, உன் காலுக்கு அது பொருந்தாது என்று எழுதினாய். ஐஸ் எப்படிப் போட வேண்டும் என்று மட்டும் அத்தனை விளக்கமாக எழுதத் தெரிந்தது.

இன்னொரு வரியும் இருக்கிறது. "இக்கருத்து அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது." நேற்று ஆட்டோ வைத்து டாக்டரிடம் போய்க் கேட்டேன். "எனக்கு யாரும் சொல்லலியேம்மா. சொல்லியிருந்தா ரெண்டு நாள் பொறுத்திருப்பேனே"னு சொன்னார். சொல்லிவிட்டு, அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அம்மா செத்தபோது உனக்கு ஆறு வயசு. எனக்குத் தெரிந்து நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதே இல்லை. இதையும் நீ கேட்டிருக்கலாம். 'அக்கா, உன் கால் நல்ல கால்தான், ஆனால் எனக்கு அது வேண்டும்' என்று எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பொய் எதற்கு, கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பேன். அத்தனை முட்டாள் நான். அந்த முட்டாளிடம்கூட உனக்குக் கேட்க வாய் வரவில்லையே, பாவி.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ பென்சிலால் புள்ளி வைத்த இடத்திலேயே போட்டேன். தேதி மட்டும் இன்றைய தேதி. அதோடு உன் ஏப்ரல் பதினைந்தாம் தேதிக் கடிதத்தையும், டாக்டர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த தாளையும் வைத்து, அஜ்மத் பேகம் அம்மாவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் இன்று காலையில் அனுப்பியாயிற்று. முகவரி அவர் போன வருஷம் கொடுத்த கடிதத்தின் நகலிலேயே இருந்தது. உன் மாமாதான் தபாலாபீஸுக்குக் கொண்டுபோனார்.

உனக்கு எழுதிய இந்தக் கடிதத்தை இன்று போடப்போவதில்லை. அந்த ரிஜிஸ்டர் தபால் அங்கே போய்ச் சேர்ந்து, அவர் படித்து முடித்து, உன்னைக் கூப்பிட்டு அனுப்பிய பிறகு கிடைத்தால் போதும் என்று ஐந்து நாள் கழித்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

உண்ணாமலை